பழைய புல்வெட்டும் இயந்திரம்: பழுதுபார்ப்பதா, புதிது வாங்குவதா?

(ஸ்ரீபெரும்புதூர் – ஒரகடம் பகுதியில் பஞ்சாயத்து உறுப்பினர்களும் விவசாயிகளும் கூடிய கூட்டத்தில் வட்டார வளர்ச்சி அலுவலர் ஒருவர் ஆற்றிய உரை)

குடிநீர், சாலை, தெருவிளக்கு ஆகிய பெரிய விஷயங்களைப் பற்றி இதுவரை பேசினோம். கலைந்து செல்லுமுன், சிறியதாகத் தோன்றும் ஒரு விஷயத்தைப் பற்றியும் சில வார்த்தைகள் சொல்ல விரும்புகிறேன். பள்ளி மைதானத்திலும், விளையாட்டுத் திடலிலும், பூங்காவிலும் புல் வெட்டுவதற்காகப் பஞ்சாயத்துகள் வாங்கி வைத்திருக்கும் இயந்திரத்தைப் பற்றியதே அது. அந்த இயந்திரம் பழையதாகி நின்றுவிட்டால், அதைப் பழுதுபார்ப்பதா, அல்லது தள்ளிவிட்டுப் புதிது வாங்குவதா? மழைக்காலம் தொடங்கும்போதெல்லாம் இந்தக் கேள்வி என் மேஜைக்கு வந்து சேருகிறது.

இது அற்ப விஷயம் அன்று. பள்ளி மைதானத்தில் புல் முழங்கால் உயரம் வளர்ந்துவிட்டால், பாம்புக்கு அது மறைவிடமாகிறது. அங்கே ஓடி விளையாடுபவை நம் பிள்ளைகளின் வெறுங்கால்கள். மேலும், அந்த இயந்திரம் வாங்கிய பணம் வரி கொடுத்த மக்களின் பணம். எனவே அவசரப்பட்டுப் புதிது வாங்குவதும் தவறு. பிடிவாதமாகப் பழையதையே ஒட்டுப்போட்டுக்கொண்டிருப்பதும் தவறு. இந்த இரண்டு தவறுகளையும் நான் செய்திருக்கிறேன். ஆகையால் அவற்றைப் பற்றிப் பேச எனக்குச் சிறிது தகுதி உண்டு என்று எண்ணுகிறேன்.

முதல் தவறு இது. சில ஆண்டுகளுக்கு முன் நான் வேறொரு வட்டாரத்தில் பணியாற்றினேன். அங்கே ஒரு பஞ்சாயத்தில், "இயந்திரம் பழையது, கயிற்றை எத்தனை முறை இழுத்தாலும் கிளம்பவில்லை, புதிது வேண்டும்" என்று தீர்மானம் வந்தது. என்ன பழுது என்று நான் கேட்கவில்லை, கையெழுத்திட்டேன். புதியது வந்தது. பழையது கொட்டகையின் மூலைக்குச் சென்றது. மறு ஆண்டு மழைக்காலத்தில் புதியதும் கிளம்பவில்லை! அந்த ஊர் இளைஞர் ஒருவர் தொழிற்சாலையில் வேலை பார்ப்பவர். ஒரு ஞாயிற்றுக்கிழமை அவர் இரண்டு இயந்திரங்களையும் பிரித்துப் பார்த்தார். இரண்டிலும் ஒரே கோளாறு. தொட்டியில் பல மாதங்கள் கிடந்த பெட்ரோல் கெட்டுப் பிசினாகிக் கார்புரேட்டரின் நுண்ணிய துளையை அடைத்திருந்தது. ஸ்பார்க் பிளக்கில் கரி படிந்திருந்தது. காற்று வடிகட்டியில் புல்தூசி அப்பியிருந்தது. அவற்றைச் சுத்தம் செய்து, நல்ல பெட்ரோல் ஊற்றி இழுத்தார். பழைய இயந்திரம் இரண்டாவது இழுப்பிலேயே ஓடிற்று. பஞ்சாயத்துக்கு ஒன்றுக்கு இரண்டு இயந்திரங்கள் கிடைத்தன. ஆனால் ஒரு தெருவுக்கு விளக்குப் போட்டிருக்கக்கூடிய பணம் போய்விட்டது. பிழை என்னுடையதே.

நம் பக்கத்தில் இந்தக் கோளாறு ஏன் அடிக்கடி வருகிறது என்பதை அறிந்துகொள்ள வேண்டும். வடகிழக்குப் பருவமழையில் புல் ஓங்கி வளர்கிறது; தை, மாசிக்குப் பின் காய்ந்துவிடுகிறது. இயந்திரத்தை அப்படியே நிறுத்திவிடுகிறோம். இப்பொழுது பெட்ரோலில் 20 விழுக்காடு வரை எத்தனால் கலந்து வருகிறது. எத்தனால் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும் தன்மை உடையது. பழைய இயந்திரங்களின் ரப்பர்க் குழாய்களையும் அது நாளடைவில் கெடுக்கக்கூடும். எனவே ஒரு மாதத்திற்கு மேல் நிறுத்துவதானால், தொட்டியிலுள்ள பெட்ரோலை வடித்துவிட்டு, கார்புரேட்டரில் மிஞ்சியதும் தீரும்வரை இயந்திரத்தை ஓடவிட்டு நிறுத்த வேண்டும். இதற்குச் செலவு ஒன்றும் இல்லை. உழவு மாட்டின்மேல் ஈ மொய்த்தால் ஈயை ஓட்டுகிறோமே தவிர, மாட்டை விற்றுவிடுகிறோமா?

இனி என் இரண்டாவது தவறு. மற்றொரு பஞ்சாயத்தின் இயந்திரம் மைதானத்தில் புதைந்திருந்த கல்லில் மோதிற்று. கத்தியைச் சுழற்றும் தண்டு வளைந்துவிட்டது. முதல் தவறை நினைத்துக்கொண்டு, இம்முறை சிக்கனமாக இருக்க எண்ணினேன். மூன்று முறை பழுதுபார்க்கச் சொன்னேன். ஒவ்வொரு முறையும் சில வாரங்கள் ஓடி, மீண்டும் அதிர்ந்தது. அதை இயக்கிய தொழிலாளி, "ஐயா, சாயங்காலம் சோறு பிசையக் கை வரமாட்டேன் என்கிறது" என்றார். ஒரு நாள் கத்தியின் முனை உடைந்து பறந்து, பள்ளிச் சுவரில் போய்ப் பட்டது. அன்று பள்ளி விடுமுறை. அதனால் ஒருவருக்கும் தீங்கில்லை. "சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம்" என்பார்கள். நான் அதைவிட மோசமான கணக்கைப் போட்டுவிட்டேன். ஒரு குழந்தையின் காலைக் கணக்கில் சேர்க்கவே இல்லை.

இந்த இரண்டு அனுபவங்களிலிருந்தும் நான் கற்றது ஒன்றே. இயந்திரத்தின் வயதைப் பார்த்துத் தீர்மானிக்கக் கூடாது; பழுதின் தன்மையைப் பார்த்தே தீர்மானிக்க வேண்டும். இதற்காக மூன்று கேள்விகளைக் கேட்டுக்கொள்ளுமாறு உங்களை வேண்டுகிறேன்.

முதல் கேள்வி: எது கெட்டுப்போயிற்று? ஸ்பார்க் பிளக், வடிகட்டி, கார்புரேட்டர், இழுகயிறு, கத்தி ஆகியவை தேய்ந்து மாறுவதற்கென்றே அமைந்த பாகங்கள். இவற்றை மாற்றத் தயங்க வேண்டியதில்லை. கரும்புகை வந்தால் பெரும்பாலும் வடிகட்டி அடைத்திருக்கிறது என்று பொருள். எஞ்சின் எண்ணெய் தனியாக ஊற்றும் நான்கு ஸ்ட்ரோக் இயந்திரத்தில் நீலப்புகை விடாமல் வந்தால், எண்ணெய் எரிகிறது; பிஸ்டன் வளையமோ சிலிண்டரோ தேய்ந்திருக்கலாம். கயிற்றை இழுக்கும்போது கைக்கு எதிர்ப்பே தெரியாவிட்டால், எஞ்சினில் அழுத்தம் போய்விட்டது. தண்டு வளைவதும், கத்தியை மூடியுள்ள தகடு துருவேறி ஓட்டையாவதும் இயந்திரத்தின் உயிர்நாடியைத் தொட்ட பழுதுகள். அங்கே புதிதைப் பற்றி யோசிக்க வேண்டும். வளைந்த கத்தியைத் தட்டி நிமிர்த்துவது எப்போதும் கூடாது; மாற்றத்தான் வேண்டும். கத்தியைத் தொடுமுன் ஸ்பார்க் பிளக்கின் கம்பியைக் கழற்றிவிடுவதை ஒரு சட்டமாகவே வைத்துக்கொள்ளுங்கள்.

இரண்டாவது கேள்வி: உதிரிப் பாகம் கிடைக்குமா? இதை விளக்க நாம் வெகு தூரம் போக வேண்டியதில்லை. புல்வெட்டும் இயந்திரத்திற்கு 1830 ஆம் ஆண்டு இங்கிலாந்தில் காப்புரிமை பெற்றவர் எட்வின் பட்டிங் என்பவர். கம்பளித் துணியின்மேல் நீட்டி நிற்கும் இழைகளைச் சீராகக் கத்தரிக்கும் ஆலை இயந்திரத்தைக் கண்டு, அதையே புல்லுக்கும் பயன்படுத்தலாம் என்று எண்ணினார். பிற்காலத்தில் அதே நாட்டில் ரெட்டிச் என்ற ஊரிலிருந்த ஒரு நிறுவனம், மோட்டார் சைக்கிளோடு புல்வெட்டும் இயந்திரங்களையும் ராயல் என்பீல்டு என்ற பெயரில் செய்து விற்றது. அந்தப் பெயர் உங்களுக்குப் புதிதன்று. 1955 இல் சென்னையில் அதன் இந்திய நிறுவனம் ஏற்பட்டது. 2013 இல் ஒரகடத்தில் ஆலை தொடங்கியது. இங்கிலாந்திலிருந்த தாய் நிறுவனம் எப்பொழுதோ மூடப்பட்டுவிட்டது. ஆயினும் முப்பது, நாற்பது ஆண்டுகளுக்கு முன் வாங்கிய புல்லட் வண்டிகள் இன்றும் நம் சாலைகளில் ஓடுகின்றன. ஏன்? அவற்றின் பாகங்கள் கடையில் கிடைக்கின்றன. அவற்றைப் பிரித்துப் பூட்டத் தெரிந்த மெக்கானிக் ஊருக்கு ஊர் இருக்கிறார். பாகம் கிடைக்கும் வரைதான் ஓர் இயந்திரத்திற்கு ஆயுள். ஆகவே புதிது வாங்கும் நாளிலேயே, "இதன் கத்தியும் கார்புரேட்டரும் ஐந்து ஆண்டு கழித்து எங்கே கிடைக்கும்?" என்று கேட்டு எழுதி வாங்குங்கள். விலை குறைவு என்பதற்காகப் பெயர் தெரியாத இயந்திரத்தை வாங்கினால், சிறு பாகம் கெட்டாலும் முழு இயந்திரமும் பழைய இரும்பாகிவிடும்.

பழுதுபார்த்துக்கொள்வது வாங்கியவரின் உரிமை என்ற கருத்து இப்பொழுது உலகெங்கும் வலுத்து வருகிறது. நம் மத்திய அரசின் நுகர்வோர் விவகாரத் துறை 2022 ஜூலையில் இதற்கென ஒரு குழுவை அமைத்தது. அவ்வாண்டு டிசம்பரில் பழுதுபார்க்கும் உரிமைக்கான இணையதளத்தையும் தொடங்கியது. அதில் முதலில் எடுத்துக்கொண்ட துறைகளில் விவசாயக் கருவிகளும் ஒன்று.

மூன்றாவது கேள்வி: ஓர் ஆண்டுக்கு என்ன செலவாகும்? மொத்தத் தொகையைப் பார்த்து மலைக்க வேண்டாம்; ஆண்டுக் கணக்காக வகுத்துப் பாருங்கள். கணக்குக்காகப் புதிய இயந்திரம் ரூ. 30,000 என்று வைத்துக்கொள்வோம். அது 8 ஆண்டு உழைத்தால் ஆண்டுக்கு ரூ. 3,750 ஆகிறது. பழையதற்கு ரூ. 6,000 செலவிட்டால் இன்னும் 2 ஆண்டு ஓடும் என்று மெக்கானிக் சொன்னால், ஆண்டுக்கு ரூ. 3,000, பழுதுபார்ப்பதே லாபம். அதே 2 ஆண்டுக்கு ரூ. 14,000 கேட்டால், ஆண்டுக்கு ரூ. 7,000, அப்பொழுது புதிதே சிக்கனம். பழுதுச் செலவு புதியதன் பாதி விலையை நெருங்கினால் நின்று யோசியுங்கள் என்று அனுபவசாலிகள் சொல்வதற்கும் இதுவே காரணம்.

விவசாயப் பெருமக்களே! உங்கள் பவர் டில்லருக்கும், களைவெட்டும் கருவிக்கும், பம்பு செட்டுக்கும் இதே மூன்று கேள்விகள் பொருந்தும். தோளில் மாட்டிக்கொள்ளும் இரண்டு ஸ்ட்ரோக் களைவெட்டியில் மட்டும் ஒரு கூடுதல் எச்சரிக்கை. அதற்குப் பெட்ரோலோடு எண்ணெய் கலந்துதான் ஊற்ற வேண்டும். தயாரிப்பாளர் 50 க்கு 1 என்று சொல்லியிருந்தால், ஒரு லிட்டருக்கு 20 மில்லி. வெறும் பெட்ரோலில் ஓட்டினால் பிஸ்டன் இறுகிப் பிடித்து, ஒரே நாளில் புதிய கருவியும் பழைய கருவியாகிவிடும். வேளாண் இயந்திரங்களுக்கு மானியம் உண்டு என்பது உண்மையே. ஆனால் மானியம் கிடைக்கிறது என்பதற்காகவே நல்ல கருவியைத் தள்ளிவிடாதீர்கள். மீதித் தொகை உங்கள் பையிலிருந்துதான் போகிறது. ஆண்டில் சில நாட்களே தேவைப்படும் பெரிய இயந்திரமானால், வேளாண்மைப் பொறியியல் துறை வாடகைக்குக் கொடுப்பதையும் எண்ணிப் பாருங்கள்.

அன்பர்களே! நாம் இருக்கும் இடத்தை ஒரு நிமிடம் நினைத்துப் பாருங்கள். இருங்காட்டுக்கோட்டையில் 1998 முதல் கார்கள் செய்யப்படுகின்றன. ஒரகடத்தில் 2010 முதல் கார்களும், 2012 முதல் கனரக லாரிகளும் உருவாகின்றன. அங்கெல்லாம் ஒவ்வோர் இயந்திரத்திற்கும் பராமரிப்புப் பதிவேடு உண்டு, பொறுப்பாளர் உண்டு. அந்த ஆலைகளில் அதைப் பழகிய இளைஞர்கள் மாலையில் நம் கிராமங்களுக்குத்தான் திரும்புகிறார்கள். அப்படியிருந்தும், ஆலைச் சுவருக்கு இப்பால் பஞ்சாயத்துக் கொட்டகையில் ஒரு சிறிய இயந்திரம் கவனிப்பாரின்றித் துருப்பிடிக்கலாமா?

ஆகையால் மூன்று காரியங்களைச் செய்யுமாறு கேட்டுக்கொள்கிறேன். முதலாவது, இயந்திரத்திற்கென ஒரு நோட்டுப் புத்தகம் வையுங்கள். வாங்கிய தேதி, ஓடிய மணி, எண்ணெய் மாற்றிய நாள், பழுது, செலவு ஆகியவற்றை அதில் எழுதுங்கள். இரண்டாவது, அதற்குப் பொறுப்பாக ஒருவரை நியமித்து, அவருக்குக் காலணியும் கண்ணாடியும் கையுறையும் வாங்கிக் கொடுங்கள். மூன்றாவது, புதிது வேண்டும் என்று தீர்மானம் அனுப்பும்போது, என்ன பழுது, செலவு என்ன என்று மெக்கானிக் எழுதிய குறிப்பையும், அந்த நோட்டின் நகலையும் சேர்த்து அனுப்புங்கள். அந்தக் கணக்கைக் கிராம சபையிலும் படித்துக் காட்டுங்கள்.

நோட்டைப் பார்த்துப் பழுதுபார்ப்பதே சரியென்றால், தயங்காமல் பழுதுபாருங்கள். புதிதே சரியென்றால், நான் ஒரு நாளும் தாமதிக்காமல் கையெழுத்திடுவேன். ஆனால் காகிதத்தை மட்டும் பார்த்து இனிக் கையெழுத்திட மாட்டேன். முதலில் உங்கள் கொட்டகைக்கு வந்து, அந்தக் கயிற்றை நானே ஒரு முறை இழுத்துப் பார்ப்பேன்.