ஸ்காட்லாந்து: சேர்க்கையா? பிரிவா?

(ஒரு வாசகசாலை ஆண்டு விழாவில் செய்த சொற்பொழிவு)



இன்று ஸ்காட்லாந்து தேசத்து விவகாரத்தைப் பற்றிப் பேசும்படி என்னைக் கேட்டிருக்கிறீர்கள். "எத்தனையோ ஆயிரம் மைலுக்கு அப்பால் உள்ள ஒரு தேசம் இங்கிலாந்தோடு சேர்ந்திருந்தால் நமக்கென்ன, பிரிந்தால் நமக்கென்ன?" என்று உங்களில் சிலர் நினைக்கலாம். அந்நாட்டாருக்கு வக்கீலாக நான் வரவில்லை. அவர்களுக்குப் புத்தி சொல்ல எனக்கு யோக்கியதையும் இல்லை. ஆனால் ஒரு சேர்க்கையைப் பற்றி மனிதன் எப்படி யோசிக்க வேண்டும் என்பதற்கு அங்கு நடந்த விவாதம் ஒரு நல்ல பாடமாகும். அதற்காகவே பேசத் துணிந்தேன்.

முதலில் இந்தச் சேர்க்கை எப்படி ஏற்பட்டது என்று பார்ப்போம். 1603-ல் இங்கிலாந்து ராணி எலிசபெத் பிள்ளையில்லாமல் இறந்தார். ஸ்காட்லாந்து ராஜாவாயிருந்த ஜேம்ஸ் இரண்டு நாட்டுக்கும் ராஜாவானார். ராஜா ஒருவர்தான்; ஆனால் பார்லிமெண்டு இரண்டு, சட்டம் இரண்டு, கஜானா இரண்டு. இப்படியே 100 வருஷம் நடந்தது.

1698-ல் ஸ்காட்லாந்துக்காரர் பனாமா பூசந்தியில் டேரியன் என்ற இடத்தில் ஒரு குடியேற்றம் அமைக்கக் கப்பல் அனுப்பினார்கள். பிரபு முதல் கடைக்காரர் வரை அதில் பணம் போட்டார்கள். போனவர்களைக் காய்ச்சலும் பட்டினியும் வாரிக்கொண்டு போயின. ஸ்பெயின்காரரும் எதிர்த்தார்கள். அக்கம்பக்கத்து இங்கிலீஷ் குடியேற்றக்காரர்கள் இவர்களுக்கு உதவி செய்யக் கூடாதென்று உத்தரவு போயிற்று. இரண்டு நாட்டுக்கும் ஒரே ராஜா. ஆனால் உத்தரவு மட்டும் ஒரு நாட்டுக்கே சாதகம்! 1700-க்குள் ஏறக்குறைய 2000 பேர் மாண்டார்கள். போட்ட முதலும் போயிற்று.

அடுத்தபடி 1705-ல் இங்கிலாந்து பார்லிமெண்டு ஒரு சட்டம் செய்தது. சேர்க்கையைப் பற்றிப் பேச வராவிட்டால் ஸ்காட்லாந்துக்காரரை அந்நியராக நடத்துவோம், அவர்களுடைய துணி, மாடு, நிலக்கரி எதுவும் இங்கே வரக் கூடாது என்பது அதன் சாரம். பிறகு பேச்சு நடந்தது. 1707 மே 1-ந் தேதி இரண்டு பார்லிமெண்டும் ஒன்றாயின. இங்கிலாந்தின் பழைய கடனுக்கு இனி ஸ்காட்லாந்தும் வரி கட்ட வேண்டுமென்பதால், அதற்கு ஈடாக 3,98,085 பவுன் கொடுக்கப்பட்டது. டேரியனில் பணத்தை விட்டவர்களுக்கும் அதிலிருந்தே நஷ்டஈடு! சேர்க்கைக்கு ஓட்டுப் போட்ட கனவான்களிலும் அப்படிப் பணத்தை விட்டவர்கள் இருந்தார்கள் என்பதைக் கவனியுங்கள். குடிஜனங்களை யாராவது கேட்டார்களா? ஒருவரும் கேட்கவில்லை. எடின்பரோ தெருக்களில் கலகம் நடந்தது. பல ஊர்களிலிருந்து எதிர்ப்பு மனுக்கள் வந்தன. அவ்வளவுதான்.

இதனால் சேர்க்கையால் ஸ்காட்லாந்துக்கு லாபமே இல்லை என்று சொல்ல முடியுமா? முடியாது. அவர்களுடைய கோர்ட்டும், சட்டமும், மாதா கோவில் அமைப்பும் தனியாகவே நிலைத்தன. இங்கிலாந்தின் குடியேற்ற நாடுகளோடு வியாபாரம் செய்ய வழி திறந்தது. புகையிலை வியாபாரத்தில் கிளாஸ்கோ பெருத்தது. கிழக்கிந்தியக் கம்பெனி உத்தியோகங்களில் ஸ்காட்லாந்துக்காரர் ஏராளமாகச் சேர்ந்தார்கள். சென்னையில் குதிரைமேல் உட்கார்ந்திருக்கும் மன்றோவின் சிலையைப் பார்த்திருப்பீர்கள். அவர் கிளாஸ்கோவில் பிறந்தவர்தான். ஆகவே ஸ்காட்லாந்து வெறும் அடிமையாக இருந்தது என்பது பாதி உண்மை. பிற தேசங்களை ஆண்டு எடுத்துவந்ததில் அதற்கும் பங்கு இருந்தது. அந்தப் பங்கு வந்த வரையில் சேர்க்கை இனித்தது. ஏகாதிபத்தியம் கலைந்ததும் கணக்குக் கேட்கத் தோன்றிற்று. இது மனித சுபாவம்.

நிற்க. இந்த விவகாரத்தில் ஒரு கல்லின் கதையும் உண்டு. ஸ்காட்லாந்து ராஜாக்கள் பட்டம் கட்டிக்கொண்ட கல் ஒன்றை 1296-ல் இங்கிலாந்து ராஜா முதலாம் எட்வர்டு தூக்கிக்கொண்டு போனார். பைபிளில் வரும் யாக்கோபு தலைக்கு வைத்துப் படுத்த கல் அது என்று கதை கட்டிவிட்டார்கள். 1950 கிறிஸ்துமஸ் சமயத்தில் சில ஸ்காட்லாந்து மாணவர்கள் லண்டனிலிருந்து அதைக் கிளப்பிக்கொண்டு போனார்கள். பிறகு அது மீட்கப்பட்டது. 1996-ல் சர்க்காரே ஸ்காட்லாந்துக்குத் திருப்பிக் கொடுத்தது. கல்லை ஆராய்ந்தவர்கள் என்ன கண்டார்கள்? அந்த ஸ்காட்லாந்து வட்டாரத்திலேயே வெட்டிய சாதாரண மணற்கல் என்று கண்டார்கள்! பாலஸ்தீனமும் இல்லை, யாக்கோபும் இல்லை. 700 வருஷம் பறிகொடுத்தவனும் அழுதான், பறித்தவனும் பெருமைப்பட்டான். கல் கல்லாகவே இருந்தது. கொடியும் இப்படித்தான், பழைய உடன்படிக்கைக் காகிதமும் இப்படித்தான். இவற்றைப் புனிதமென்று கும்பிட ஆரம்பித்தால் யோசனை நின்றுவிடும்.

இனி ஓட்டுக் கதைக்கு வருவோம். 1979-ல் ஸ்காட்லாந்துக்குத் தனிச் சட்டசபை வேண்டுமா என்று ஓட்டு எடுத்தார்கள். ஓட்டுப் போட்டவர்களில் 100க்கு 51.6 பேர் வேண்டும் என்றார்கள். ஆனால் ஜாபிதாவில் உள்ள மொத்த ஓட்டர்களில் 100க்கு 40 பேராவது வேண்டும் என்று சொல்லியிருக்க வேண்டுமென்பது நிபந்தனை. அந்தக் கணக்கில் 32.9 தான் வந்தது. வீட்டில் தூங்கினவனும் வேண்டாம் என்றவனாகிவிட்டான்! 1997-ல் மறுபடியும் கேட்டார்கள். 100க்கு 74.3 பேர் வேண்டும் என்றார்கள். 1999-ல் எடின்பரோவில் 129 அங்கத்தினர் கொண்ட பார்லிமெண்டு கூடியது. 2011-ல் தனிநாடு கோரும் ஸ்காட்லாந்து தேசியக் கட்சி அதில் மெஜாரிட்டி பெற்றது. 2012 அக்டோபரில் லண்டன் சர்க்காரும் எடின்பரோ சர்க்காரும் ஒப்பந்தம் செய்துகொண்டு ஓட்டெடுப்புக்கு வழி செய்தன.

யார் யாருக்கு ஓட்டு என்பதைக் கேளுங்கள். 16 வயதானவருக்கும் ஓட்டு. ஸ்காட்லாந்தில் பிறந்து லண்டனில் குடியிருப்பவருக்கு ஓட்டு இல்லை. இந்தியாவிலிருந்து போய் ஸ்காட்லாந்தில் சட்டப்படி குடியிருப்பவருக்கு ஓட்டு உண்டு. எங்கே பிறந்தாய், எந்த ரத்தம் என்று கேட்கவில்லை. எங்கே இருந்து பாடுபடுகிறாய் என்று மட்டும் கேட்டார்கள். பிறப்பை வைத்தே சகலத்தையும் அளக்கும் நம் நாட்டார் இதை இரண்டு தரம் யோசிக்க வேண்டும்.

விவாதம் எப்படி நடந்தது? நம் ஊரில் அண்ணன் தம்பி பாகம் பிரிக்கிற மாதிரிதான். "எங்கள் 59 ஸ்தானங்களில் 2010-ல் ஒரே ஒரு ஸ்தானம் ஜெயித்த கட்சி எங்களை ஆளுகிறதே, இது நியாயமா?" என்றான் தம்பி. வட கடல் எண்ணெய் தன் பங்கு என்றான். பாகம் பிரிந்தாலும் பொதுக் கிணற்றில் முறைத் தண்ணீர் வேண்டும், அதாவது பவுன் நாணயம் பொதுவாக இருக்க வேண்டும் என்றான். "பிரிந்து போகிறவனுக்குக் கிணற்றில் பாத்தியம் இல்லை, உன் கிழவர்களின் பென்ஷன் என்ன ஆகும், ஐரோப்பிய யூனியனில் இடம் என்ன ஆகும், யோசித்துப் பார்" என்றான் அண்ணன். இதில் வேடிக்கை என்னவென்றால், எல்லாவற்றையும் பிரிக்கச் சொன்னவர்கள்கூட ராணியை மட்டும் பொதுவில் வைத்துக்கொள்ளலாம் என்றார்கள்! வீட்டைப் பிரித்தாலும் குலதெய்வத்தைப் பிரிக்க மனம் வரவில்லை போலும்.

2014 செப்டம்பர் 18-ந் தேதி ஓட்டு நடந்தது. ஓட்டர்களில் 100க்கு 84.6 பேர் வந்தார்கள். தனிநாடு வேண்டும் என்றவர் 16,17,989 பேர். வேண்டாம் என்றவர் 20,01,926 பேர். அதாவது 100க்கு 44.7-ம் 55.3-ம். 307 வருஷச் சேர்க்கை உடையுமா நிலைக்குமா என்ற பிரச்னை ஓர் உயிர்கூடப் போகாமல் ஒரு பென்சில் கோட்டால் தீர்க்கப்பட்டது. பிரிவு கேட்டவனைத் துரோகி என்று ஜெயிலில் அடைக்கவில்லை. தோற்றவர்களின் தலைவர் அலெக்ஸ் சால்மண்டு தோல்வியை ஒப்புக்கொண்டு பதவி விலகுவதாக மறுநாளே சொன்னார்.

ஆனால் கதை அதோடு முடியவில்லை. சேர்ந்திருந்தால்தான் ஐரோப்பிய யூனியனில் நிச்சயமாக இருக்கலாம் என்று 2014-ல் சொன்னார்களல்லவா? 2016-ல் அந்த யூனியனை விட்டு விலகுவதா என்று நாடு முழுவதும் ஓட்டெடுத்தார்கள். ஸ்காட்லாந்தில் 100க்கு 62 பேர் இருக்க வேண்டும் என்றார்கள். மொத்தக் கணக்கில் விலக வேண்டும் என்றவர்களே ஜெயித்தார்கள். 2020 ஜனவரி 31-ந் தேதி ஸ்காட்லாந்தும் சேர்த்து வெளியே இழுக்கப்பட்டது. மறுபக்கத்தையும் சொல்ல வேண்டும். தனிநாட்டுக்காரர் போட்ட வரவு செலவுக் கணக்கில் எண்ணெய்ப் பீப்பாய் 110 டாலர். 2016 ஜனவரியில் அது 30 டாலருக்கும் கீழே போயிற்று. ஆகவே அண்ணன் வாக்கும் பொய்த்தது. தம்பி கணக்கும் பொய்த்தது.

இப்போது பிரச்னை என்ன? மறுபடி கேட்கலாமா என்பதே. "தலைமுறைக்கு ஒரு தரம் வரும் சந்தர்ப்பம் என்று நீங்களே சொன்னீர்களே" என்கிறார்கள் சேர்க்கைக்காரர்கள். அது உண்மைதான்; அப்படிச் சொன்னார்கள். வருஷா வருஷம் ஓட்டெடுத்தால் எந்த நாடும் வேலை செய்ய முடியாது என்பதும் நியாயமே. "நிலைமை அடியோடு மாறிவிட்டதே" என்கிறார்கள் பிரிவினைக்காரர்கள். அதுவும் உண்மை. வழக்கு சுப்ரீம் கோர்ட்டுக்குப் போயிற்று. லண்டன் பார்லிமெண்டின் சம்மதமில்லாமல் எடின்பரோ பார்லிமெண்டு இந்த ஓட்டெடுப்புக்குச் சட்டம் செய்ய முடியாது என்று 2022 நவம்பர் 23-ந் தேதி ஐந்து நீதிபதிகளும் ஏகமனதாகத் தீர்ப்புச் சொன்னார்கள். சட்டப்படி அது சரியாக இருக்கலாம். ஆனால் அதே ராஜ்யத்தில் வட அயர்லாந்துக்கு வேறு சட்டம் இருக்கிறது. அங்கே பெரும்பான்மையோர் பிரிவை விரும்பக்கூடும் என்று மந்திரிக்குத் தோன்றினால் ஓட்டெடுக்க வேண்டும். ஒரு தரம் எடுத்தபின் 7 வருஷம் கழித்தே மறுதரம் எடுக்கலாம். 1998-ல் செய்த ஏற்பாடு அது. அந்த வீட்டுக்குக் கதவும் வைத்து, எப்போது திறக்கலாம் என்று விதியும் எழுதி வைத்தார்கள். ஸ்காட்லாந்து வீட்டுக்குக் கதவு இருக்கிறது. சாவி ஒருவன் மடியில் மட்டும் இருக்கிறது. இது என்ன நியாயம்?

தோழர்களே! நான் சொல்ல வந்தது இவ்வளவுதான். சேர்ந்திருப்பது நல்லதா பிரிவது நல்லதா என்பது காலத்துக்குக் காலம் கணக்குப் பார்க்க வேண்டிய விஷயம். லாபம் இருந்தால் சேர்ந்திருக்கட்டும், இல்லாவிட்டால் பிரியட்டும். ஆனால் கேட்கவே கூடாது என்று சொன்ன மாத்திரத்தில் சம்மதம் என்ற சொல்லுக்கு அர்த்தம் போய்விடும். கலியாணமானாலும், கூட்டுக் குடும்பமானாலும், ராஜ்யமானாலும், "உனக்கு இஷ்டமா?" என்று கேட்கப்படும் உறவுதான் மனிதருக்கு ஏற்ற உறவு. 1707-ல் அந்தக் கேள்வியைக் கேட்காமல் சேர்த்தார்கள். 2014-ல் கேட்டார்கள், ஜனங்கள் இருக்கிறோம் என்றார்கள். அப்படிச் சொன்ன அன்றுதான் அந்தச் சேர்க்கைக்கே முதல் தடவையாக மரியாதை வந்தது என்பது என் அபிப்பிராயம்.

இதில் தவறு இருந்தால் தாராளமாக எழுந்து கேளுங்கள். பதில் சொல்லுகிறேன், அல்லது திருத்திக்கொள்ளுகிறேன்.