சைக்கிள் டைனமோவும் ஒரு பைண்டிங் பையனும்

பிடித்த விஞ்ஞானி யார் என்று கேட்டால், நான் மைக்கேல் ஃபாரடே என்பேன்.

லண்டனில் ஒரு கொல்லரின் மகன். பள்ளிப் படிப்பு கொஞ்சம்தான். 14 வயதில் புத்தகம் பைண்டிங் செய்யும் கடையில் வேலை கற்கச் சேர்ந்தார். தைக்க வந்த புத்தகங்களைத் தைத்ததோடு விடவில்லை. உட்கார்ந்து படித்தார். ஹம்ஃப்ரி டேவி என்ற பெரிய விஞ்ஞானியின் சொற்பொழிவுகளைக் கேட்டு, குறிப்பெழுதி, தன் கையாலேயே பைண்டிங் செய்து அவருக்கே அனுப்பிவைத்தார். அந்தக் கட்டு ஃபாரடேயை ஆய்வுக்கூடத்துக்குள் கொண்டுபோய்ச் சேர்த்தது. நினைத்தாலே சிலிர்க்கிறது எனக்கு.

1831-இல் அவர் ஒன்றைக் கண்டார். கம்பிச் சுருளுக்குள் காந்தத்தை வைத்தால் ஒன்றும் நடக்காது. அசைத்தால் மின்சாரம் வருகிறது. ஆமாம், அசைத்தால்தான் வருகிறது.

பழைய சைக்கிளில் டைனமோ இருக்குமே, நினைவிருக்கிறதா? டயரோடு உரசிக்கொண்டு சுழலும். வேகமாக மிதித்தால் விளக்குப் பளிச்சென்று எரியும். மெதுவாக மிதித்தால் மங்கும். நின்றால் அணைந்துவிடும். உள்ளே சுழல்வது ஒரு காந்தம். சுற்றி இருப்பது கம்பிச் சுருள். அணைக்கட்டில் தண்ணீர் பாய்ந்து சுழற்றுகிற பெரிய ஜெனரேட்டருக்குள் நடப்பதும் இதேதான்.