1947: கையெழுத்து கேட்ட தீவு



1947. கிரீஸில் உள்நாட்டுப் போர். மார்ச் 12 அன்று அதிபர் ட்ரூமன், கிரீஸுக்கும் துருக்கிக்கும் சேர்த்து 40 கோடி டாலர் உதவி கேட்டு அமெரிக்க நாடாளுமன்றத்தில் பேசினார். அது எல்லாப் புத்தகத்திலும் இருக்கு. நான் சொல்ல வந்தது மக்ரோனிசோஸ் பற்றி.

லாவ்ரியோ துறைமுகத்துக்கு எதிரே கிடக்கும் வறண்ட தீவு அது. ராணுவத்தில் சேர்க்கப்பட்ட இளைஞர்களில், இடதுசாரின்னு சந்தேகப்பட்டவங்களை அந்த ஆண்டு முதல் அங்கே கூடாரங்களில் அடைச்சாங்க. அடி, உதை, தாகம். கேட்டதோ ஒரே ஒரு கையெழுத்து: கம்யூனிசத்தைக் கைவிட்டேன் என்று.

போட்டுட்டு வந்துட வேண்டியதுதானேன்னு தோணும். அங்கேதான் சூழ்ச்சி. அந்தக் கடிதம் பத்திரிகையில் வரும். சொந்த ஊர் தேவாலயத்தில் வாசிப்பாங்க. பெத்தவங்க உட்கார்ந்து கேட்கணும். அப்புறம் கையில் துப்பாக்கி கொடுத்து, பழைய தோழர்களையே சுட மலைக்கு அனுப்புவாங்க. மறுத்தவங்களுக்கு மறுபடியும் அடி.

டிசம்பரில் கம்யூனிஸ்ட் கட்சிக்கே தடை. அது நீங்க 1974 வரை ஆச்சு.

இசையமைப்பாளர் தியோடொராகிஸ் அந்தத் தீவில் சித்திரவதை பட்டவர். கவிஞர் ரிட்சோஸும் அங்கே கைதி. எழுதிய கவிதைகளைப் பாட்டிலில் அடைத்து மண்ணுக்குள் புதைத்து வைத்தார், தோழர்களே.