உள்ளிருந்து ஆளும் உயிர்கள்



கிருமி என்றாலே நமக்குக் காய்ச்சல் நினைவுக்கு வரும். கைகழுவும் சோப்பு நினைவுக்கு வரும். நான் பேச வந்தது வேறு. ஒரு பூச்சி யாரோடு கூடி வாழும், எங்கே போய்த் துணை தேடும், அதன் வம்சம் எந்தத் திசையில் மாறும் என்பதையெல்லாம் உள்ளேயிருந்து தீர்மானிக்கும் நுண்ணுயிர்களைப் பற்றி.

கறையானை எடுத்துக்கொள்ளுங்கள். மரத்தைத் தின்பது கறையான்தான். செரிப்பது யார்? பல கறையான் இனங்களில் குடலில் குடியிருக்கும் நுண்ணுயிர்கள்! 1920களில் கிளீவ்லேண்ட் என்ற அமெரிக்க ஆய்வாளர், கறையானை உயிரோடு விட்டு, அந்தக் குடியிருப்போரை மட்டும் கொன்றார். கறையான் வழக்கம்போல் மரத்தைத் தின்றது. வயிறு நிறைந்தது, பட்டினியால் செத்தது!

அதோடு முடியவில்லை. இந்தக் கறையான்கள் தோலுரிக்கும்போது குடலின் உட்தோலும் கழன்றுவிடும், நுண்ணுயிர்களும் போய்விடும். திரும்பப் பெற வேண்டுமானால், கூட்டாளியின் குடலிலிருந்து வரும் திரவத்தை வாங்கி உண்ண வேண்டும். தனித்துப் போனால் சாவு, கூடியிருந்தால் வாழ்வு. கறையான்கள் கூட்டமாக வாழத் தொடங்கியதற்கே இது காரணமாக இருக்கலாம் என்று கருதினார் கிளீவ்லேண்ட்.

அவையோரே, கறையானுக்கும் அந்த நுண்ணுயிர்களுக்கும் இடையே இருப்பது கொடுத்து வாங்கும் உறவு. எல்லா உறவும் இவ்வளவு நேர்மையானது அல்ல.

1924-ல் ஹெர்டிக், வோல்பாக் என்ற இருவர் ஒரு கொசுவின் உடலில் ஒரு பாக்டீரியாவைக் கண்டார்கள். அதன் பெயர் வோல்பாக்கியா. பூச்சி இனங்களில் ஏறத்தாழப் பாதியில் அது இருக்கக்கூடும் என்று கணிக்கிறார்கள். அது தாயின் முட்டை வழியாகத்தான் அடுத்த தலைமுறைக்குப் போகும். அப்படியானால் மகனால் அதற்கு என்ன பயன்? ஒன்றுமில்லை. ஆகவே சில இனங்களில் ஆண் கருவைக் கொன்றுவிடுகிறது!

உகாண்டாவில் ஒரு வண்ணத்துப்பூச்சி. சில இடங்களில் 100-க்கு 90-க்கும் மேல் பெண்கள். பொதுவாகப் பூச்சிகளில் ஆண்கள்தாம் ஓரிடத்தில் திரண்டு பெண்ணுக்காகக் காத்திருக்கும். இங்கே பெண்கள் குன்றின் உச்சியில் திரண்டு ஆணுக்காகக் காத்திருக்கின்றன. கண்ணுக்குத் தெரியாத ஓர் உயிர், ஓர் இனத்தின் காதல் முறையையே தலைகீழாக்கிவிட்டது.

அந்த இனங்கள் எதிர்த்து நிற்காதா? நிற்கும். பசிபிக் கடலில் உள்ள சமோவாத் தீவுகளில் இன்னொரு வண்ணத்துப்பூச்சி. 2001-ல் அதில் ஆண்கள் நூற்றுக்கு ஒன்றுதான். 2006-ல் பார்த்தால் ஏறத்தாழ நாற்பது! பாக்டீரியா ஒழிந்துவிட்டதா? இல்லை, உள்ளேயேதான் இருந்தது. அதன் கொலைத்தொழிலைத் தடுக்கும் மரபணு அந்த இனத்தில் பரவிவிட்டது. பரிணாமம் என்றால் கோடி ஆண்டுக் கதை என்று படித்தோமே, இது சுமார் பத்தே தலைமுறைகளில் நடந்தது.

இதனால் நமக்கென்ன என்று கேட்பீர்கள். டெங்குவைப் பரப்பும் முதன்மைக் கொசுவான ஏடிஸ் எஜிப்தியில் இயல்பாக வோல்பாக்கியா இல்லை. அதைப் புகுத்தினால், கொசுவின் உடலில் டெங்கு வைரஸ் பெருகுவது தடைபடுகிறது. இந்தோனேசியாவின் யோக்யகர்த்தா நகரில் அப்படிப்பட்ட கொசுக்களை விட்டார்கள். விட்ட பகுதிகளில் டெங்கு, விடாத பகுதிகளைக் காட்டிலும் 77 சதவீதம் குறைவாக இருந்தது. கொழும்பிலும் விட்டார்கள். நம் பக்கத்துப் புதுச்சேரியில் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் நோய்க்கடத்திக் கட்டுப்பாட்டு ஆராய்ச்சி மையம், 2022-ல் இத்தகைய இரண்டு கொசு வகைகளை உருவாக்கியிருப்பதாக அறிவித்தது. மகனைக் கொல்லும் அதே குடும்பத்துப் பாக்டீரியா, நம் பிள்ளைகளைக் காக்க வருகிறது.

எனவே நுண்ணுயிர் நண்பனும் அல்ல, பகைவனும் அல்ல. அது தன் வம்சத்துக்காக வாழ்கிறது. அதன் கணக்கைப் புரிந்துகொண்டவன் பிழைக்கிறான்.

நாளை உங்கள் தெருவில் இத்தகைய கொசுவை விடுவதற்கு யாரேனும் வந்தால், வதந்தியை நம்பி விரட்டாதீர்கள். என்ன, ஏன், எப்படி என்று கேளுங்கள். பதில் சொல்லவேண்டியது அவர்கள் கடமை. கேட்கவேண்டியது உங்கள் உரிமை. அதுவரை வீட்டைச் சுற்றித் தேங்கிய தண்ணீரைக் கொட்டிக் கவிழ்த்துவிடுங்கள்.