கூரையில்லாத கோவிலில் சூசையப்பர்



மொன்றியலில் றோயல் மலைச் சரிவில் நிற்கும் புனித சூசையப்பர் பேராலயத்தை நீங்கள் எல்லோரும் அறிவீர்கள். நேர்த்தி வைத்து 99 மரப்படிகளையும் முழங்காலில் ஏறியவர்களும் நம்மிடையே உண்டு. அதன் பெரிய குவிமாடம் எழுந்த கதையை இந்த ஆண்டு விழாவில் நினைத்துப் பார்ப்போம்.

1904இல் அங்கே இருந்தது ஒரு சிறிய மரச் சிற்றாலயமே. எதிரிலிருந்த நொத்ர் டாம் கல்லூரியில் வாயில் காத்த அருட்சகோதரர் அந்திரேயின் முயற்சி அது. 1917இல் கீழ்க்கோவில் முடிந்தது. 1924இல் பேராலய வேலை தொடங்கியது. பின்பு பொருளாதார நெருக்கடி வந்தது. பணம் இல்லாமல் வேலை நின்றது. சுவர்கள் பனியில் நனைந்தன.

1936இல் அந்திரே ஒரு யோசனை சொன்னார்: சூசையப்பரின் சுரூபத்தை அந்தக் கூரையில்லாத கோவிலுக்குள் கொண்டுபோய் வையுங்கள், கூரை வேண்டுமென்றால் அவரே தேடிக்கொள்வார். 1937 ஜனவரி 6ஆம் நாள், 91 வயதில், அந்திரே இறந்தார். குவிமாடத்தை அவர் காணவில்லை.

அதே ஆண்டு வேலை மீண்டும் தொடங்கியது. குவிமாடத்தை வடிவமைத்தவர் பெனடிக்ற் சபைத் துறவி டொம் போல் பெல்லோ. கம்பி கட்டிய கொங்கிறீற்றில், ஒன்றுக்குள் ஒன்றாக இரண்டு மெல்லிய ஓடுகள், வெளியே செப்புத்தகடு. 1941இல் அது நிறைவேறியது. உள்வேலைகள் முடிய 1967 ஆயிற்று.

கொங்கிறீற் வேலை செய்தவர்களுக்கு ஒன்று தெரியும். அது வெறுமனே காய்ந்து இறுகுவதில்லை. சீமெந்தும் தண்ணீரும் சேர்ந்துதான் இறுகும். ஊற்றிய பின் ஈரம் காக்க வேண்டும், உறையவிடக் கூடாது. பலமேறும்வரை பலகைதான் பாரத்தைத் தாங்கும். முந்திக் கழற்றினால் எல்லாம் இடிந்து விழும்.

நமது பங்கும் இன்னும் கூரை முடியாத கோவில்தான். தொடங்கிவைத்த பெரியவர்கள் பலர் இன்று நம்மோடு இல்லை. பிள்ளைகளுக்கோ பிரெஞ்சு நாவில் ஓடுகிறது, தமிழ் தடக்குகிறது. வாசகத்தை அவர்கள் எழுத்துக்கூட்டி வாசிக்கும்போது முகம் சுளிக்காதீர்கள். பக்கத்தில் நின்று தாங்குங்கள். அவர்களைத் தாங்கும் பலகை நாம்தான். அவர்கள் இறுகும்வரை விலகாதிருப்போம்.

கூரையை நாம் காணாமல் போகலாம். சுரூபத்தை இன்றே உள்ளே வைப்போம்.

இறைவன் உங்களை ஆசீர்வதிப்பாராக. ஆமென்.