மனத்தில் இருப்பதை எந்த மொழியில் சொல்வது?



புக்கிட் மேரா வட்டாரத்தில், கம்போங் பாரு ரோட்டில் உள்ள புனித தெரேசா ஆலயம் ஹொக்கியன் பேசும் சீனக் கத்தோலிக்கர்களுக்காகக் கட்டப்பட்டு 1929ல் திறக்கப்பட்டது. ஓஃபிர் ரோட்டு லூர்து அன்னை ஆலயமோ 1888லேயே தமிழர்களுக்காக எழுந்துவிட்டது. அன்று எல்லா ஆலயங்களிலும் பூசை லத்தீனில்தான். அப்படியிருக்க மொழிக்கு ஓர் ஆலயம் எதற்கு? பூசையை லத்தீனில் காணலாம். செய்த பாவத்தை லத்தீனில் சொல்ல முடியுமா?

கடவுளிடம் நேரே சொன்னால் போதாதா என்று பிற சமய நண்பர்கள் கேட்பதுண்டு. மன்னிப்பவர் கடவுள்தான். ஆனால் உயிர்த்தெழுந்த இயேசு அந்த அதிகாரத்தைச் சீடர்களிடம் ஒப்படைத்தார் என்பது திருச்சபையின் போதனை. யோவான் நற்செய்தி 20ஆம் அதிகாரத்தில் அது இருக்கிறது. ஆகவே கத்தோலிக்கர் வாயைத் திறந்து, ஒரு மனிதரின் காதில் சொல்லியாக வேண்டும். கனமான பாவமிருந்தால் வருடத்திற்கு ஒரு முறையாவது சொல்லவேண்டும் என்பது 1215ஆம் ஆண்டு லாத்தரன் சங்கம் முதல் இருந்துவரும் கட்டளை.

சிரமமே அங்குதான். புக்கிட் மேராவில் மகன் வீட்டில் இருக்கும் ஒரு தாயாரை நினைத்துப் பாருங்கள். மார்க்கெட்டில் மீன் விலை கேட்க அவருடைய ஆங்கிலம் போதும். மருமகள்மேல் பத்து வருடமாக வைத்திருக்கும் வன்மத்தைச் சொல்ல அது போதுமா? மொழிபெயர்ப்பாளர் வைத்துக்கொள்ளத் திருச்சபைச் சட்டம் இடம் தருகிறது. அவரும் கேட்டதை வெளியே சொல்லக்கூடாது. சட்டம் சரி. ஆனால் மகனைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு மருமகளைப் பற்றி எந்தத் தாய் பேசுவார்?

முத்துக்குளித்துறைப் பரதவர்களுக்கும் 16ஆம் நூற்றாண்டில் இதே சங்கடம் இருந்தது. வந்த குருக்கள் துபாஷிகளை நம்பியே இருந்தார்கள். அன்ரிக் அடிகளார் என்ற போர்ச்சுக்கீசியர் தமிழ் படித்து, துபாஷி இல்லாமலே பாவசங்கீர்த்தனம் கேட்கலானார். அதற்கு வழிகாட்டியாக அவர் எழுதிய 'கொம்பெசியொனாயரு' 1580ல் கொச்சியில் அச்சானது. தமிழில் முதன்முதலாக அச்சேறிய நூல்களில் ஒன்று பாவசங்கீர்த்தனத்தைப் பற்றியது என்பது தமிழர் பலருக்கே தெரியாது!

சொல்லிவிட்டால் எல்லாம் முடிந்ததா? இல்லை. மனஸ்தாபம் வேண்டும், இனிச் செய்வதில்லை என்ற உறுதி வேண்டும். சீட்டுப் பணத்தில் கை வைத்தவர் பத்து ஜெபம் சொல்லித் தப்ப முடியாது; பணத்தைத் திருப்பித் தர வேண்டும். குருவானவர் அவரைப் போலிசில் ஒப்படைக்க மாட்டார். கேட்ட இரகசியத்தைக் காட்டிக்கொடுக்கும் குரு அக்கணமே திருச்சபையிலிருந்து விலக்கப்படுவார். ஆனால் கடன் கடன்தான்.

தவக்காலத்திலும் கிறிஸ்துமசுக்கு முன்பும் சிங்கப்பூர்ப் பங்குகளில் பல குருக்கள் கூடிப் பாவசங்கீர்த்தனம் கேட்கிறார்கள். தமிழ் தெரிந்தவர் வருகிறாரா என்று முன்கூட்டியே விசாரிக்கலாம். இல்லையென்றால் ஓஃபிர் ரோட்டுக்கு ஒரு பஸ் பயணம். இருபது வருடம் ஒதுங்கியிருந்தவர்கள் எப்படித் தொடங்குவது என்று தயங்குகிறார்கள். கடைசியாக வந்து எத்தனை வருடமாகிறது என்று சொல்லித் தொடங்கலாம். நினைவிலுள்ள கனமான பாவங்களை அவர்களேதான் சொல்லவேண்டும்; தடுமாறினால் குருவானவர் உதவுவார்.