விற்றமினும் மருந்துதான்

(நூற்றாண்டு விழாவில் ஆற்றிய உரை)



புற்றுநோய் மருந்துகளைப் பற்றிப் பேசச் சொன்னார்கள். நான் ஒரு விற்றமினில் இருந்து தொடங்குகிறேன். பிள்ளை வயிற்றில் இருக்கும்போது கிளினிக்கில் தருகிற அந்தச் சின்ன மஞ்சள் குளிசை, போலிக் அமிலம். இங்கே இருக்கிற உம்மாமார் அநேகமாக எல்லோரும் குடித்திருப்பீர்கள்.

அதை ஆய்வுகூடத்தில் செய்து காட்டிய குழுவை வழிநடத்தியவர் எல்லாப்பிரகட சுப்பாராவ். 1895இல் பீமவரத்தில் பிறந்து, சென்னை மருத்துவக் கல்லூரியில் படித்து, அமெரிக்கா போனவர். போலிக் அமிலத்தின் உருவத்தைக் காட்டிப் புற்றுநோய்க் கலத்தை ஏமாற்றும் மருந்தும் அவருடைய குழுவின் வேலையில் இருந்தே வந்தது. பொஸ்டனில் டாக்டர் சிட்னி ஃபார்பர் அதை இரத்தப் புற்றுநோய் வந்த சிறுபிள்ளைகளுக்குக் கொடுத்து, 1948இல் முடிவை வெளியிட்டார். இன்றும் நாங்கள் பாவிக்கும் மெதோட்ரெக்சேட் அந்தக் குடும்பத்து மருந்துதான்.

இனித்தான் விசயம். போலிக் அமிலத்தின் நெருங்கிய உறவு போலினிக் அமிலம். மெதோட்ரெக்சேட்டைக் கூடிய அளவில் ஏற்றினால், சுமார் ஒரு நாள் கழித்துப் போலினிக் அமிலம் கொடுத்து நல்ல கலங்களைக் காப்பாற்றுவோம். நேரத்தோடு கொடுத்துவிட்டால் மருந்தின் வேலையே கெட்டுப்போகும். குடல் புற்றுநோய்க்குக் கொடுக்கும் புளோரோயுராசிலோடு சேர்த்தால் கதை நேர்மாறு. கலம் பெருகுவதற்குத் தேவையான ஒரு நொதியத்தை அந்த மருந்து பிடித்து நிறுத்துகிறது. தனியாக என்றால் பிடி இளகும். போலினிக் அமிலம் கூட நின்றால், நம் கடற்கரையில் போடுகிற முடிச்சுப் போல இறுகிவிடும். ஒரே பொருள்தான், ஓரிடத்தில் கடிவாளம், மற்ற இடத்தில் சாட்டை.

சில வருடங்களுக்கு முன் நம் பக்கத்து ராத்தா ஒருவர் கெபசிட்டபின் குடித்துக்கொண்டிருந்தார். அது உடம்புக்குள் போய்ப் புளோரோயுராசிலாக மாறும் குளிசை. வாயெல்லாம் புண், நிற்காத வயிற்றோட்டம் என்று கொண்டுவந்தார்கள். "வேறு மருந்து ஏதும் குடிக்கிறீங்களா?" என்று கேட்டேன். இல்லை என்றார். வார்டில் மூன்றாம் நாள், தலையணைக்குக் கீழே ஒரு போத்தல் இருந்தது. மகள் வெளிநாட்டில் இருந்து அனுப்பிய சத்துக் குளிசை, போலிக் அமிலம் நிறைய உள்ளது. "இது மருந்து இல்லையே டாக்டர், விற்றமின்தானே" என்றார். அவர் பொய் சொல்லவில்லை. நான்தான் கேள்வியைச் சரியாகக் கேட்கவில்லை.

முருங்கைக் கீரையை நிறுத்துங்கள் என்று நான் சொல்லவில்லை. சாப்பாட்டில் இருக்கிற அளவு வேறு, போத்தலில் இருக்கிற அளவு வேறு. மதுரங்குளியில் பஸ் ஏறி மஹரகமைக்குப் போகிறவர்கள், சத்துக் குளிசை, கசாயம், கருஞ்சீரக எண்ணெய் எல்லாவற்றையும் கையோடு எடுத்துப்போய் டாக்டருக்குக் காட்டுங்கள். ஏச்சு விழுமோ என்று ஒளிக்க வேண்டாம்.

அந்த ராத்தா சுகப்பட்டார். குளிசையின் அளவைக் குறைத்து மறுபடி தொடங்கினோம். அடுத்த கிளினிக்குக்கு ஒரு ஷொப்பிங் பேக்கோடு வந்து மேசையில் கொட்டினார். ஒன்பது போத்தல்.